மூலம் என்று முடிவு செய்யாதீர்கள்
பின்வழி உறவும் மூத்தோரின் உடல்நலமும்



கிளினிக்குக்குப் போனால் நாம் சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்கிறோம். இரத்த அழுத்தம், முழங்கால் வலி, கண்புரை பற்றியும் கேட்கிறோம். உடலுறவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. மருத்துவரும் பல நேரங்களில் கேட்பதில்லை. இந்த வயதில் அதெல்லாம் இருக்காது என்று இரு பக்கமும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது 66. பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சில வாரங்களாக மலம் கழிக்கும்போது இரத்தம் வருகிறது, எரிச்சலும் இருக்கிறது. மூலம்தான் என்று தாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார். பின்வழி உறவு கொண்டதை மனைவியிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. அது உண்மையிலேயே மூலமாக இருக்கலாம். ஆனால் வெட்டை நோயாகவோ, கிரந்திப் புண்ணாகவோ, புற்றுநோயின் தொடக்கமாகவோ கூட இருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லாததால் சரியான பரிசோதனை தள்ளிப்போகிறது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உதவுவதற்காகவே இந்தக் கையேடு. படிக்கும்போது கூச்சமாக இருந்தால் தனியாகப் படியுங்கள். படித்த பிறகு கணவரிடமோ மனைவியிடமோ கொடுங்கள்.

பின்வழி உறவு என்றால் என்ன?

ஆசனவாய் வழியாகக் கொள்ளும் உடலுறவை இங்கே பின்வழி உறவு என்று குறிப்பிடுகிறோம். ஆணும் பெண்ணும் இவ்வாறு உறவு கொள்வதுண்டு, ஆணும் ஆணும் கொள்வதுண்டு. மணமானவர்களிடையேயும் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இதைக் குற்றம் என்கின்றன. இந்தக் கையேடு சட்டத்தை விளக்குவதற்கோ, யாருடைய ஒழுக்கத்தை அளப்பதற்கோ எழுதப்படவில்லை. நோய் யாரையும் பார்த்து வருவதில்லை. அதைத் தடுக்கவும் குணப்படுத்தவும் தேவையானதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ஏன் ஆபத்து அதிகம்?

பெண்ணுறுப்பின் உட்சுவர் பல அடுக்குகள் கொண்டது. தானே ஈரம் சுரக்கும். மலக்குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்கால் ஆனது. அது மெல்லியது, உறவுக்கு வேண்டிய வழவழப்பை அது தானாகத் தருவதில்லை. அதனால் உறவின்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் எளிதில் உண்டாகின்றன. கிருமிகள் அந்தக் கீறல்கள் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. எச்.ஐ.வி. கிருமி முதலில் பிடிக்கும் வெள்ளணுக்களும் அந்த இடத்தில் நிறைய உள்ளன.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டைப் பாருங்கள். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருடன் ஆணுறையின்றி 10,000 முறை உறவு நடந்தால், பின்வழியில் ஏற்பவருக்கு ஏறக்குறைய 138 முறை தொற்று ஏற்படலாம். பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு ஏறக்குறைய 8 முறை. பின்வழி உறவில் செலுத்துபவருக்கு 11 முறை. ஆகவே ஏற்பவருக்கே ஆபத்து மிகுதி. செலுத்துபவரும் தப்பியவர் அல்லர். இந்த எண்கள் சராசரிதான். ஒரே ஒரு முறையிலும் தொற்று வரக்கூடும்.

வயதானால் என்ன மாற்றம்?

வயது ஏற ஏறத் தோலும் உட்சுவரும் மெலிகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வறட்சி கூடுகிறது. மலச்சிக்கல், மூலம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவை இருந்தால் கீறல் இன்னும் எளிதாக ஏற்படும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறு கீறலிலிருந்தும் அதிக இரத்தம் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. “இனிமேல் கருத்தரிக்கப் போவதில்லை, ஆணுறை எதற்கு?” என்று பலர் நினைக்கிறார்கள். ஆணுறை கருத்தடைக்கு மட்டும் உரியது அல்ல. கருப்பை நின்றாலும் கிருமி நிற்பதில்லை.

என்னென்ன நோய்கள் தொற்றலாம்?

எச்.ஐ.வி.: மலேசியாவில் முதல் தொற்று 1986-ல் பதிவானது. அந்த நாட்களில் இது மரண நோய் என்ற பயம் நம்மிடையே பரவியது. பலர் இன்னும் அந்தப் பயத்துடனேயே இருக்கிறார்கள். நிலைமை மாறிவிட்டது. இன்று தினமும் மாத்திரை எடுத்துக்கொள்பவர் மற்றவர்களைப் போல நீண்ட நாள் வாழலாம். 2018-ல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்று பெற்ற முதல் நாடு நம் நாடுதான். பரிசோதனையும் மருந்தும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

மூத்தவர்களிடம் எச்.ஐ.வி. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. எடை குறைதல், சோர்வு, மறதி, அக்கி, அடிக்கடி நிமோனியா ஆகியவற்றை “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடுகிறோம்.

கிரந்தி: முதலில் வலியில்லாத ஒரு புண் தோன்றும். ஆசனவாயின் உள்ளே இருந்தால் கண்ணுக்கே தெரியாது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று எண்ணக் கூடாது. அது உடலில் தங்கி, ஆண்டுகள் கழித்து மூளை, இதயம், கண் ஆகியவற்றைத் தாக்கலாம். தொடக்கத்தில் கண்டால் பென்சிலின் ஊசியால் குணமாகும்.

வெட்டை நோய், கிளமிடியா: ஆசனவாயில் சீழ், சளி போன்ற கசிவு, வலி, இரத்தம் வரலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இரண்டையும் மருந்தால் குணப்படுத்தலாம்.

எச்.பி.வி. கிருமி: ஆசனவாயைச் சுற்றி மரு உண்டாக்கும். இதன் சில வகைகள் ஆசனவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. புகைபிடிப்பவர்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

கல்லீரல் அழற்சி ‘பி’: இதற்குத் தடுப்பூசி உண்டு. மலேசியாவில் குழந்தைகளுக்கு அது போடத் தொடங்கியது 1989-ல். அதற்கு முன் பிறந்த நாம் அந்தத் திட்டத்தில் வரவில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்லீரல் அழற்சி ‘சி’: இரத்தம் கலந்தால் பரவும். தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரையால் குணமாகும்.

வயிற்றுப்போக்குக் கிருமிகள்: மலத்தின் நுண்துகள் கை, வாய் வழியே போனால் சீதபேதி, கல்லீரல் அழற்சி ‘ஏ’ போன்றவை வரலாம். உறவுக்குப் பின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பாதுகாப்பான முறைகள்

1. ஒவ்வொரு முறையும் புதிய ஆணுறை. உறையின் மேல் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு போடாதீர்கள், உரசிக் கிழியும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழோ, காரிலோ, பணப்பையிலோ நாள்கணக்கில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஆணுறை கெட்டுவிடும்.

2. எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின், உடலுக்குப் பூசும் கிரீம் ஆகியவை இரப்பர் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கும். மருந்துக் கடைகளில் தண்ணீர் சேர்ந்த வழவழப்பு ஜெல் கிடைக்கும். அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். காய்ந்தால் மீண்டும் பூசுங்கள். எச்சில் போதாது.

3. வழி மாறினால் ஆணுறையையும் மாற்றுங்கள். பின்வழியிலிருந்து பெண்ணுறுப்புக்கோ வாய்க்கோ மாறும் முன் பழையதைக் கழற்றி, சுத்தம் செய்து, புதியது போடுங்கள். இல்லாவிட்டால் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்றும் உறுப்பில் தொற்றும் வரும்.

4. அவசரம் வேண்டாம். வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை. வலித்தால் நிறுத்துங்கள். மரத்துப்போகும் களிம்பு பூசிக்கொண்டு தொடராதீர்கள். வலி தெரியாமல் போனால் காயம் பெரிதாகும்.

5. உள்ளே கழுவுவதில் கவனம். கழிவறைக் குழாயை உள்ளே செலுத்தாதீர்கள். சோப்பு, கிருமிநாசினி எதையும் உள்ளே விடாதீர்கள். அவை உட்சுவரைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறக்கும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

6. புண், வெடிப்பு, வீங்கிய மூலம், வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் தவிர்த்துவிடுங்கள். குடல், ஆசனவாய், சுக்கியன் சுரப்பி ஆகியவற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே. சுக்கியன் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து பின்வழியில் ஏற்காமல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டலாம்.

7. மலச்சிக்கலைத் தவிருங்கள். கீரை, பழம், போதிய தண்ணீர், நடைப்பயிற்சி ஆகியவை ஆசனவாய்க்கும் பாதுகாப்பு.

ஆண்மை மாத்திரை வாங்கும் முன்

விறைப்பு குறைவாக இருந்தால் ஆணுறை நழுவும். அதனால் சிலர் ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். சிலர் இரவுச் சந்தையில் ‘சக்தி காப்பி’, ‘உபாட் குவாட்’ வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட பொருள்களில் சொல்லாமல் கலந்த மருந்துகள் இருந்ததைக் கண்டறிந்து சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. இதயநோய்க்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர்கள் இவற்றை எடுத்தால், இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விறைப்புக் குறைவு நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கு முறையான சிகிச்சை உண்டு.

“வேண்டாம்” என்றால் வேண்டாம்

சில பெண்கள் கணவரின் வற்புறுத்தலால் சம்மதிக்கிறார்கள். நாற்பது ஆண்டு வாழ்ந்த தம்பதியாக இருந்தாலும், விருப்பமில்லாததை மறுக்கும் உரிமை இருவருக்கும் உண்டு. “எனக்கு வலிக்கிறது, எனக்கு இது வேண்டாம்” என்று சொல்வது குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் அல்ல. வற்புறுத்தலோ வன்முறையோ நடந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம்.

ஆணுறை கிழிந்துவிட்டால்?

எச்.ஐ.வி. ஆபத்து இருந்தது என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்துக்கொண்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம். முதல் நாளே போவது மிக நல்லது. வார இறுதியாக இருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஆபத்து அடிக்கடி இருப்பவர்களுக்கு, முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரையும் உண்டு. தேர்ந்தெடுத்த அரசு சுகாதார கிளினிக்குகளில் 2023 முதல் இது வழங்கப்படுகிறது. சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகே தருவார்கள். இந்த மாத்திரை எச்.ஐ.வி.யை மட்டுமே தடுக்கும். கிரந்தியையும் வெட்டை நோயையும் தடுக்காது.

எப்போது, எங்கே பரிசோதிக்க வேண்டும்?

செபராங் ஜெயாவில் இருப்பவர்கள் செபராங் ஜெயா சுகாதார கிளினிக்குக்குச் செல்லலாம். அரசு சுகாதார கிளினிக்குகளில் பெயர் சொல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளும் முறையும் உண்டு. வீட்டிலேயே செய்யும் சுய பரிசோதனைக் கருவிகளும் உள்ளன. அதில் தொற்று என்று காட்டினால், கிளினிக்கில் மறுபடி உறுதிப்படுத்த வேண்டும்.

நேற்று நடந்த உறவுக்கு இன்று பரிசோதித்தால் கிருமி தெரியாது. ஆய்வுக்கூட இரத்தப் பரிசோதனைக்கு 45 நாள் வரையும், விரல் குத்திப் பார்க்கும் துரிதப் பரிசோதனைக்கு 90 நாள் வரையும் ஆகலாம். முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும், சொன்ன தேதியில் மீண்டும் செல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. வெட்டை நோயும் கிளமிடியாவும் ஆசனவாயில் மட்டும் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுக்க வேண்டும். பின்வழி உறவைப் பற்றிச் சொன்னால்தான் மருத்துவர் அந்தப் பரிசோதனையைச் செய்வார்.

உடனே 999-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்:
• நிற்காத இரத்தப்போக்கு
• கடுமையான வயிற்று வலி, வயிறு இறுகிப்போதல்
• உறவுக்குப் பின் காய்ச்சலும் நடுக்கமும்
• உள்ளே போன பொருள் வெளியே வராமை. தாமாக எடுக்க முயலக் கூடாது.

சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்:
• மலத்துடனோ தனியாகவோ இரத்தம்
• கட்டி, மரு, ஆறாத புண்
• சீழ் அல்லது சளிக் கசிவு
• மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், மலத்தை அடக்க முடியாமை

50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்தம் வந்தால், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

பதிவு முகப்பில் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. “மருத்துவரிடம் மட்டும் பேச வேண்டும்” என்று சொன்னால் போதும். மலாயில்: “போலே சாயா சாக்காப் டெங்ஙான் டொக்டர் சாஜா?”

உள்ளே சென்றதும் இந்த மூன்று வாக்கியங்கள் போதும்:

“ஐயா, பின்பக்கத்தில் இரத்தம் வருகிறது.”
“எனக்குப் பின்வழி உறவு இருந்தது.”
“எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.”

பரிசோதனை மட்டும் வேண்டுமானால் மலாயில்: “சாயா நாக் புவாட் உஜியான் எச்.ஐ.வி.”

வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பேரனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் முன் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தும் அதில் சேர்த்தி.

பெயர் வெளியே போகுமா?

1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, எச்.ஐ.வி., கிரந்தி, வெட்டை நோய் போன்றவற்றை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். நோய் பரவாமல் தடுப்பதற்கும், உங்களோடு உறவு கொண்டவருக்கும் சிகிச்சை கிடைப்பதற்கும் இந்த அறிவிப்பு. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. உங்கள் பிள்ளைகளுக்கோ, அண்டை வீட்டாருக்கோ, கோவில் நிர்வாகத்துக்கோ சொல்வது அவர் வேலை அல்ல.

தொற்று உறுதியானால் உறவு கொண்டவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும். இது கடினம்தான். எப்படிச் சொல்வது என்று தாதியிடம் ஆலோசனை கேளுங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால், மற்றவரிடமிருந்து நோய் திரும்பவும் வரும்.

எச்.ஐ.வி. என்று தெரிந்தால் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் சிகிச்சை உண்டு. தினமும் மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலை தொடர்ந்தால், உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலும் எந்த நாளும் தொற்றாது.

முதலில் சொன்ன 66 வயதுக்காரரிடம் திரும்புவோம். அவர் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பார்த்து, மாதிரி எடுத்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். மூலம் என்றால் மூலத்துக்கு மருந்து. கிரந்தி என்றால் ஊசி. கட்டி என்றால் சிறியதாக இருக்கும்போதே சிகிச்சை. எதுவானாலும், களிம்பு பூசிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததைவிட அவர் நல்ல நிலையில் இருப்பார்.

கூச்சம் சில நிமிடம்தான். அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது, இந்தக் கையேட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.